மீதம் முப்பத்தொன்பது நிமிடம்

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று பேருடைய வேலையைப் பறித்தவர் நீங்கள்.

மற்றபடி நான் இங்கு நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நீங்கள் அடுத்த அறையில் சவரம் செய்தபடி பாடிக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்கிறது. மனசாட்சி உறுத்துகிறவன் அவ்வளவு உச்சத்தில் பாட மாட்டான். ஆகவே நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வேறு எங்கே பேசுவது? வீட்டில் வாயைத் திறந்தால், "சாப்பிடுற இடத்துல ஆபீஸ் பேச்சு வேண்டாம்" என்கிறாள் அக்கா. ஆபீஸில் வாயைத் திறந்தால், "இங்க மாமான்னு கூப்பிடாத, சார்னு கூப்பிடு" என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் பைக்கில் வருகிற அரை மணி நேரம் இருக்கிறதே என்று வியாழக்கிழமை முழு வழியும் உங்கள் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டு வந்தேன். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஆமாமா, மழை வர்ற மாதிரிதான் இருக்கு" என்றீர்கள். அதனால்தான் எழுத்தில். இதை உங்கள் நீலச் சட்டைப் பையில் வைக்கப் போகிறேன். துவைக்கப் போடும் முன் பையைச் சோதிக்கிற வழக்கம் அக்காவுக்கு உண்டு என்பதால் அவள்தான் முதலில் படிப்பாள். ஆகவே அவளுக்கும் விளங்கும்படி ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறானே என்று பல்லைக் கடிக்க வேண்டாம்.

அக்கா, நாங்கள் போகிற அலுவலகங்களில் புதுக் கம்ப்யூட்டர்கள் வெறும் பெட்டிகளாக வந்து இறங்கும். மின்சாரம் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டும், அவ்வளவுதான், அதற்கு அப்பன் பேர் ஆத்தாள் பேர் ஒன்றும் தெரியாது. அதற்குள் சிஸ்டத்தைப் போட்டு, பேர் வைத்து, கடிகாரத்தைத் திருத்தி, பிரிண்டரோடு பேசப் பழக்கி ஆளாக்கிவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதை நான்கு பேர் செய்தோம். சிடிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர் தட்டு அண்ணன். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்தச் சிடி என்று இருட்டில் தடவியே எடுத்துக் கொடுப்பார். திரையில் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் பரீட்சை ஹாலில் வாசிப்பதுபோல உரக்க வாசித்துவிட்டுத்தான் பதில் தட்டுகிறவர் கேள்வி அக்கா. எந்தக் கேள்வி வந்தாலும் வாசிக்காமலே ஆமாம் போடுகிறவர் ஆமா சார். நான்காவது நான், அப்போதெல்லாம் எனக்குப் பட்டப்பெயர்கூடக் கிடையாது, 'மச்சினன்' என்பார்கள். உங்கள் மச்சினன் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

கேள்விகள் எல்லாம் முடிந்ததும் திரை நீலமாகும், ஓரத்தில் ஒரு பட்டை நகரத் தொடங்கும், அதன்மேல் 'மீதம் முப்பத்தொன்பது நிமிடம்' என்று வரும். அது பச்சைப் பொய். முப்பத்தொன்பது என்று காட்டிவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் முப்பத்தொன்பது, பிறகு நினைத்துக்கொண்டதுபோல முப்பத்து நான்குக்குக் குதிக்கும். ஆனால் மாமா, அந்த நேரம் முழுக்க எங்களுடையது. முதலாளி வந்து எட்டிப் பார்த்தாலும் திரையைக் காட்டினால் போதும், ஒரு வார்த்தை பேச முடியாது. தட்டு அண்ணன் ஒரு சினிமாக் கதையை எடுத்தால் சண்டைக் காட்சியோடு, பின்னணி இசையோடு, சரியாக அந்த நேரத்துக்குள் முடித்துவிடுவார், பட்டை சீக்கிரம் ஓடிவிட்டால் வில்லன் திருந்திவிடுவான். கேள்வி அக்கா போனில் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பார். ஆமா சாருக்குப் பெண் பார்க்கும் பேச்சு ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில்தான் நடந்தது, பெண்ணின் தகப்பனார் போனில் கேட்டதற்கெல்லாம் இவர் வழக்கம்போல ஆமாம் ஆமாம் என்று போட்டு, கடைசியில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதித்துவிட்டார் என்பது போனை வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "வாசிச்சுட்டு அமுக்குன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கேள்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கு யோசித்தால், நாள் முழுக்க ஓடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கம்பெனி தெரியாத்தனமாக விட்டுவைத்த ஒரே நிழல் அதுதான்.

நீங்கள் இதை மறந்துவிட்டீர்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன். எனக்கு முன்னால் அந்த நான்காவது நாற்காலி உங்களுடையது. பன்னிரண்டு வருடம் கேள்வி அக்காவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நீங்கள். சீரியல் எண்ணை அவர் வாசிக்க நீங்கள் அடிப்பீர்களாம். "எம், மாமியார்ல வர்ற எம். பி, பொண்டாட்டில வர்ற பி. ஏன்யா சிரிக்கிற, அடிய்யா." இது தட்டு அண்ணன் சொன்னது. என் அக்காவைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அக்கா அப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். மற்ற மேஜைகளுக்கெல்லாம் ஒரு தடவை போட்ட சிஸ்டத்தை அவள் மேஜைக்கு மட்டும் மூன்று தடவை போட்டீர்கள். முதல் தடவை வைரஸ். இரண்டாவது தடவை அதே வைரஸின் தம்பி. மூன்றாவது தடவை காரணம் சொல்ல வராமல், "இது எப்படியும் கெட்டுப்போகும்மா, முன்கூட்டியே போட்டுடலாம்" என்றீர்களாம். மூன்று முப்பத்தொன்பது நிமிடங்கள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதற்குள் பேசி முடித்ததுதான் இந்தக் குடும்பம். அன்றைக்கு ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு, "யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்" என்று உங்களை யாராவது அனுப்பியிருந்தால், மாமா, இன்றைக்கு வரை நீங்கள் அறையெடுத்துத் தங்கி, சட்டையை நீங்களே துவைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்படிப்பட்டவர்தான் பதவி உயர்வு வந்த இரண்டாம் வருடம் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, "ஒரு இமேஜ் பண்ணு. பென் டிரைவைச் செருகணும், பவர் பட்டனை அமுக்கணும், அதோட ஆள் போயிடணும். மீதியெல்லாம் அதுவே பண்ணிக்கணும்" என்றீர்கள். இமேஜ் என்றால், அக்கா, தயாரான ஒரு கம்ப்யூட்டருக்குள் இருப்பதை அப்படியே எடுத்த நகல். நீங்கள் திரையில் போட்டுக் காட்டிய பக்கத்தின் தலைப்பு, 'ஆள் தேவைப்படாத நிறுவல்'. அதில் ஆள் என்றிருப்பது எங்களைத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. படித்த முட்டாளுக்குப் புது வேலை என்றால் கண் தெரியாது. மூன்று வாரம் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தேன். சிஸ்டத்தின் மூலத்தைப் பிரித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டிய மென்பொருளை உள்ளே திணித்தேன். நெட்வொர்க்கும் பிரிண்டரும் ஓடத் தேவையான டிரைவர் ஃபைல்களுக்காகத் தட்டு அண்ணனிடம் கேட்டேன். பதினைந்து வருடமாகச் சேர்த்த சிடிப் பையை அப்படியே மேஜைமேல் கவிழ்த்து, "எடுத்துக்கடா, எப்படியும் கீறல் விழுந்துட்டே இருக்கு" என்றார். நூற்றுப் பதினான்கு சிடி. ஒவ்வொன்றையும் சட்டை நுனியில் துடைத்து அவரே கொடுத்தார்.

பிறகு, கேள்விகளுக்கான பதில்களை எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கும் ஒரு ஃபைல் வேண்டும். யாரைக் கேட்பேன்? கேள்வி அக்கா கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னார். "மொதல் கேள்வி, எந்த மொழி. ரெண்டாவது, விதிமுறைக்குச் சம்மதமா. எட்டுப் பக்கம் இருக்கும், உலகத்துலயே முழுசா படிச்சவ நான் ஒருத்திதான். மூணாவது, எந்த டிஸ்க்ல போடணும். இங்கதான்ப்பா சூதானமா இருக்கணும், தப்பா காட்டிட்டா இருக்கிறது அத்தனையும் போயிடும். இந்த இடத்துல நான் எப்பவும் கீபோர்டுலேர்ந்து கையை எடுத்துட்டு, ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன்." மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் மாமா. கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் அந்த ஒரு நிமிடத்தை எழுத அந்த ஃபைலில் இடம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தன் சீட்டைத் தானே கிழிக்கிறார் என்று அவருக்கும் தெரியாது, கிழிக்க வைக்கிறேன் என்று எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த இமேஜ் ஒன்றும் லேசில் பணிந்துவிடவில்லை, அதுவும் உங்கள் நினைவில் இருக்கட்டும். ஆரம்பத்தில், 'தொடங்க ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்' என்று ஒரு வரி வரும். அதையும் எடுத்துவிடச் சொன்னீர்கள். "அதுக்கு ஒரு ஆள் நிக்கணுமா? எடு." எடுத்தேன். செருகிவிட்டுச் சாப்பிடப் போனோம். சிஸ்டம் ஏறி முடித்ததும் கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழும் அல்லவா, எழுந்ததும் பென் டிரைவ் அங்கேயே இருப்பதைப் பார்த்து, யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. திரும்பி வந்தபோது மூன்றாவது தடவையாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஆமா சார் அதன் முன்னால் கைகட்டி நின்று, "பாவம்ப்பா, என்ன பாவம் பண்ணிச்சோ, பொறந்து பொறந்து சாவுது" என்றார். அந்த ஒரு வரி எதற்காக இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்பதற்காக.

அதையும் சரிசெய்தேன். ஒருமுறை போட்ட டிஸ்க்கில் ஓர் அடையாளம் வைத்து, அதைக் கண்டால் ஒதுங்கிப் போ என்று எழுதினேன். நீங்கள் பொறுக்கவில்லை. மறுநாளே ஒரு மருத்துவமனைக்கு எடுத்துப் போனீர்கள், எண்பது கம்ப்யூட்டர். எண்பதும் ஆள் இல்லாமல் ஏறின. எண்பதும் ஒரே நேரத்தில் விழித்தன. எண்பதின் பெயரும் 'ஆமாசார்'. சோதனைக்காக நான் வைத்த பெயரை மாற்ற மறந்திருந்தேன். ஒவ்வொன்றும், 'இந்தப் பெயரில் இன்னொருவர் இருக்கிறார்' என்று மற்றதன்மேல் புகார் சொல்லிக்கொண்டு நெட்வொர்க்கை அடைத்தது. அது போதாதென்று நான் இமேஜ் எடுத்த கம்ப்யூட்டரின் திரைப் பின்னணிப் படமும் கூடவே ஏறிவிட்டது. பழைய படம். பள்ளிக்கூட அறையில் நீங்கள் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, நடுவில் வாய் நிறையச் சோற்றோடு நீங்கள். மருந்து வாங்கும் இடம், ரத்தம் எடுக்கும் இடம், தலைமை மருத்துவர் அறை, எங்கு பார்த்தாலும் அடைத்த கன்னத்தோடு நீங்கள். நர்ஸம்மா ஒருவர் வந்து, "யாரு சார் இவங்கல்லாம்? காணாமப் போனவங்களா?" என்று கேட்டார். நீங்கள், "தெரியாதும்மா" என்றீர்கள்.

அந்தத் 'தெரியாதும்மா'வைக் கேள்வி அக்காவும் கேட்டார். முதல் மாடியிலிருந்து ஆரம்பித்து, இரண்டு நாள், எண்பது கம்ப்யூட்டருக்கும் கையால் பேர் மாற்றினார்கள் மூன்று பேரும். கேள்வி அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "பாத்தியா, நாம இல்லாம நடக்குமா? மெஷின் போடும், பேர் வைக்க மனுஷன் வேணும்." நானும் ஆமாம் என்றேன். அன்று மதியமே சீரியல் எண்ணிலிருந்து தானாகப் பேர் எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். எழுத ஏழு வரிதான் ஆனது.

அடுத்த வேலையில் அது பிசிறில்லாமல் ஓடியது. அறுபது கம்ப்யூட்டர், பத்தொன்பது நிமிடம். எந்தக் கேள்வியும் வரவில்லை, எந்தப் பட்டையும் நிற்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் வராந்தாவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றோம். தட்டு அண்ணன் ஒரு கதையை ஆரம்பித்தார், கதாநாயகன் ரயிலைவிட்டு இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார். கதையைச் சொன்னாரா வேலையைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மூன்று பேருக்கும் மெயில் போனது. அதை நான் படித்தேன் மாமா. மூன்றும் ஒரே மெயில், பெயர் மட்டும் மாறும். பெயரிலும் அவசரம், ஆமா சாருக்குப் போனதில் தட்டு அண்ணன் பேர் இருந்தது. அவரும் வழக்கம்போல வாசிக்காமல், 'ஆமாம், கிடைத்தது' என்று பதில் போட்டுவிட்டார். பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல், ஒரு கேள்வி கேட்காமல் முடித்துவிட்டீர்கள். நான் மூன்று வாரம் பாடுபட்டு மெஷினுக்குக் கற்றுக்கொடுத்ததை நீங்கள் ஒரே காலையில் கற்றுக்கொண்டீர்கள். கம்பெனி என்றால் அப்படித்தான், மேலே இருந்து அழுத்தம் என்பீர்கள். மேலே இருக்கிறவனுக்கு எப்போதும் அழுத்தம்தான், நசுங்குவது மட்டும் கீழே இருக்கிறவன். கேள்வி அக்கா தன் தண்ணீர்ப் பாட்டிலையும், மேஜைக்கடியில் கழற்றி வைத்திருந்த செருப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது உங்கள் அறையின் திரைச்சீலை இறங்கியிருந்தது. வெயில் இந்தப் பக்கம் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே இதனால் தெரிவித்துக்கொள்வது: வரும் திங்கட்கிழமை காப்பீட்டு அலுவலகத்தில் முந்நூறு கம்ப்யூட்டர் காத்திருக்கின்றன. இமேஜ் உள்ள பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. அதை நீங்கள் நினைத்தும் பார்க்க முடியாத ஓர் இடத்தில் ஒளித்துவிட்டேன். அந்த மூன்று பேரையும் அதே நாற்காலிகளில் திரும்ப உட்காரவைத்தால் கொடுப்பேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளவும். மச்சினனாக நீடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அக்காவுக்கு என் அன்பு. படித்து முடித்ததும் மடித்து அதே பையில் வைக்கவும், ஈரமாக்க வேண்டாம். பாப்பாவுக்கு முத்தம், காலையில் நேரிலேயே கொடுத்துவிட்டேன், இது உபரி. வயதில் பெரியவர் நீங்கள், உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டுகிறேன். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த எரிச்சலோடும்,
உங்கள் மச்சினன்

பி.கு.: மேலே எழுதியதில் பெரும்பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். மடிப்பதற்கு முன் நல்ல சேதி சொல்லலாமே என்று கேள்வி அக்காவுக்குப் போன் போட்டேன். "உங்களுக்காக ராஜினாமா செய்றேன்" என்றேன். "ஐயோ, எதுக்குப்பா?" என்று சிரித்தார். மூன்று பேரும் சேர்ந்து சொந்தமாக ஆரம்பித்துவிட்டார்களாம். நான் செய்த இமேஜைத் தட்டு அண்ணன் முதல் நாளே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார், "என் நூற்றுப் பதினான்கு சிடி உள்ளே இருக்கு, எனக்கில்லாத உரிமையா?" என்கிறாராம். போன வாரம் ஒரு கல்லூரி, அடுத்த வாரம் இரண்டு பள்ளிக்கூடம். அப்படியானால் நானும் வந்துவிடவா என்று கேட்டேன். "வந்து என்னப்பா பண்ணப் போற? செருகிட்டு நாங்க மூணு பேரே சும்மாதான் நிக்கிறோம். நீ அவ்வளவு நல்லா பண்ணித் தொலைச்சிருக்க" என்றார். மாமா, அந்த இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். ஆகையால் ராஜினாமாவை வாபஸ் வாங்குகிறேன். பென் டிரைவ் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரையும் திரும்ப எடுக்க வேண்டாம், கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

ஆனால் போனை வைக்கும் முன் அவர் ஒன்று கேட்டார். வழக்கம்போல உரக்க இல்லை. "வேலை போனது போகட்டும்ப்பா. பன்னெண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உங்க மாமா எழுந்து வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? அதுக்கு எத்தனை நிமிஷம் ஆகிருக்கும்? நீ கேட்டுச் சொல்றியா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். ஏன் எழுந்து போகவில்லை? பதிலை மெயிலில் அனுப்ப வேண்டாம், சாப்பிடுற இடம், ஆபீஸ் என்றும் பார்க்க வேண்டாம். பாட்டை நிறுத்திவிட்டு இப்போதே வாயால் சொல்லுங்கள்.